மத சுதந்திரம் வியாபாரத்துக்கு நல்லதாமே, கணக்கு எங்கே?

கேள்விக்குறி | மார்ச் 3, இரவு 9.12

"மத சுதந்திரம் உள்ள நாட்டில்தான் தொழில் செழிக்கும்" என்று கருத்தரங்குக்குக் கருத்தரங்கு பேசுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிங்கப்பூர் 1972-இல் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பதிவை ரத்து செய்தது, இன்னும் ரத்துதான். சீனாவில் எந்தச் சபை எங்கே கூடலாம் என்பதைக் கட்சி முடிவு செய்கிறது. வளைகுடாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று இடத்திலும் காசு கொட்டவில்லையா? இதில் ஆராய்ச்சி என்று ஏதாவது உண்டா, இல்லை வெறும் உபன்யாசமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாட்ஸ்அப் பார்வர்டு வேண்டாம்.

கணக்கர் | மார்ச் 3, இரவு 10.40

ஆராய்ச்சி உண்டு. எவ்வளவு பாரம் தாங்கும் என்பதுதான் விஷயம்.

மேடையில் எல்லாரும் காட்டுவது பிரையன் கிரிம், கிரெக் கிளார்க், ராபர்ட் ஸ்னைடர் மூவரும் 2014-இல் வெளியிட்ட கட்டுரை. 173 நாடுகளை எடுத்துக்கொண்டார்கள். மதிப்பெண் பியூ ஆய்வு மையத்துடையது. அரசு போடும் கட்டுப்பாட்டுக்கு 20 கேள்விகள், மதத்தின் பேரில் சமூகத்தில் நடக்கும் வன்முறைக்கும் விரோதத்துக்கும் 13 கேள்விகள், இரண்டுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். உலகப் பொருளாதார மன்றம் போட்டித்திறனுக்கு வைத்திருந்த 12 தூண்களில் (அளவுகோல்களில்) 10-உடன் மத சுதந்திரம் சேர்ந்தே ஏறுகிறது என்பது அவர்கள் கண்டது.

சேர்ந்து ஏறுவதை வைத்து இதுதான் அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கோர்ட்டு ஒழுங்காக நடக்கிற நாட்டில் சிறுபான்மையின் கோயிலுக்கும் பாதுகாப்பு இருக்கும், செக் திரும்பினால் கேட்கவும் நாதி இருக்கும். இரண்டுக்கும் வேர் அந்தக் கோர்ட்டாக இருக்கலாம். பணக்கார நாடான பிறகு சகிப்புத்தன்மை வந்திருக்கலாம் என்றும் வாதாடலாம். நாடுகளை வரிசையாக நிறுத்தி ஒப்பிடுகிற எந்தக் கட்டுரைக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

சிங்கப்பூரை ஒரே கட்டத்தில் போடாதீர்கள். சாட்சிகள் விவகாரம் கட்டாய ராணுவ சேவையை மறுத்ததால் வந்தது. அதே ஊரில் தீபாவளி, விசாக தினம், ஹரி ராயா, புனித வெள்ளி எல்லாம் பொது விடுமுறை. பியூவின் அரசுக் கட்டுப்பாட்டு மதிப்பெண்ணில் சிங்கப்பூர் மோசமாக நிற்கும். அங்கே கடை போட வருகிற பல மதத்துக்காரர்களுக்கு அது தடையாகவே தெரியாது.

கேள்விக்குறி | மார்ச் 4, காலை 7.05

அப்படியானால் காரணம் எது, விளைவு எது என்று பிரித்துக் காட்டுகிற ஆதாரமே கிடையாதா சார்?

பழஞ்சுவடி | மார்ச் 4, மதியம் 1.30

இருக்கிறது தம்பி. இன்றைய நாடுகளை விடுங்கள், 1685-க்கு வாருங்கள்.

பிரான்சில் புராட்டஸ்டன்டுகளுக்கு (ஹியூகனாட் என்பார்கள்) நான்காம் ஹென்றி 1598-இல் நாந்து ஆணை மூலம் வழிபாட்டு உரிமை தந்திருந்தார். பதினான்காம் லூயி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தார். 1681-இல் புவாத்து மாகாணத்தில் புராட்டஸ்டன்டு வீடுகளில் குதிரைப்படை வீரர்களைத் தங்கவைத்தார்கள். சோறு, படுக்கை, குதிரைக்குத் தீவனம் எல்லாம் வீட்டுக்காரர் செலவு. மதம் மாறினால் படை அடுத்த வீட்டுக்குப் போகும். வியாபாரிக்கு இது வரியைவிடக் கொடுமை. வரிக்கு ஒரு தொகை உண்டு, இதற்கு இல்லை. 1685 அக்டோபரில் ஃபொந்தேன்புளோ ஆணை வந்து நாந்து ஆணை ரத்தானது. போதகர்கள் 15 நாளில் வெளியேற வேண்டும். மற்றவர்கள் வெளியேறவே கூடாது, பிடிபட்டால் ஆணுக்குத் துடுப்புக் கப்பலில் தண்டுவலிக்கும் தண்டனை, பெண்ணுக்குச் சிறை.

அப்படியும் ஒன்றரை முதல் இரண்டு லட்சம் பேர் தப்பிப் போனார்கள். தறியைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்ட முடியாது. கைத்தொழிலையும் உண்டியல் சீட்டையும் (வேறு ஊரில் பணமாக மாற்றும் தாள்) கொண்டுபோகலாம். கோட்டை கட்டுகிற பொறியாளர் வோபான் 1689-இல் அரசருக்கான குறிப்பில் நஷ்டத்தைப் பட்டியல் போட்டார்: போனவர்கள் 80 ஆயிரம் முதல் 1 லட்சம், கையோடு போன பணம் 3 கோடி லீவ்ருக்கு மேல், கப்பலோட்டிகள் 8 முதல் 9 ஆயிரம், படைவீரர்கள் 10 முதல் 12 ஆயிரம். இத்தனைக்கும் அவர் கத்தோலிக்கர். இவர்களைத் திரும்ப அழையுங்கள் என்று எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இவர்களில் சுமார் 20 ஆயிரம் பேர் பெர்லினைத் தலைநகராகக் கொண்ட ஜெர்மன் அரசான பிராண்டன்பர்க்–பிரஷ்யாவுக்குப் போனார்கள். 1700 வாக்கில் பெர்லினில் ஐந்தில் ஒருவர் பிரெஞ்சுக்காரர்.

இனிதான் கணக்கருக்கான தீனி. முப்பதாண்டுப் போரில் (1618–48) கொள்ளைநோயால் பிரஷ்யாவில் பல ஊர்கள் காலியாகிக் கிடந்தன. அகதிகளைக் குடியமர்த்தியது பெரும்பாலும் இடிந்த வீடும் காலி நிலமும் இருந்த ஊர்களில். நெசவு ஏற்கெனவே செழித்த ஊராகப் பார்த்து அனுப்பவில்லை. எரிக் ஹோர்னுங் என்ற பொருளாதார வரலாற்றாளர் இதைப் பிடித்துக்கொண்டார். போரில் எந்த ஊர் எவ்வளவு மக்களை இழந்தது, 1700-ஆம் ஆண்டுப் பட்டியல்படி எந்த ஊரில் எத்தனை ஹியூகனாட், 1802-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த ஊர்த் துணி ஆலைகளின் உற்பத்தி எவ்வளவு என்று மூன்றையும் கோத்தார். நூறு வருஷம் கழித்தும் ஹியூகனாட் அதிகம் குடியேறிய ஊர்களின் ஆலைகள் கூடுதலாக உற்பத்தி செய்தன. 2014-இல் வெளியானது. 173 நாட்டுக் கட்டுரையைவிட இது எனக்குப் பெரிது.

கணக்கர் | மார்ச் 4, மாலை 6.20

நல்ல கட்டுரைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது அளந்தது தொழில்நுட்பம் ஊர்விட்டு ஊர் பரவியதை. சுதந்திரம் அதற்கு வாசல் திறந்தது, அவ்வளவுதான். இன்னொன்று: பிரஷ்யா லாபம் அடைந்தது என்பதும் பிரான்ஸ் நொடித்துப்போனது என்பதும் வேறு வேறு வாதம். இரண்டாவதை 1960-இலேயே வாரன் ஸ்கோவில் என்ற அமெரிக்கர் கேள்விக்குள்ளாக்கிவிட்டார். பிரான்சின் தேக்கத்துக்குத் தொடர்ந்து நடந்த போர்களும் வரியும் பஞ்சமும்தான் பெரிய காரணம், ஹியூகனாட் வெளியேற்றம் சிறியது என்பது அவர் வாதம். மேடைப் பேச்சாளர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

கேள்விக்குறி | மார்ச் 4, இரவு 8.00

பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் முதல் கவர்னரே 1685-இல் ஓடிவந்த ஹியூகனாட் அகதி என்று படித்தேனே? அதை ஏன் விட்டீர்கள்?

பழஞ்சுவடி | மார்ச் 4, இரவு 8.25

ஏனென்றால் அது தப்பு. ஜான் ஹூப்ளான் 1694-இல் முதல் கவர்னர், சரி. 1994-இல் 50 பவுண்டு நோட்டில் படமும் போட்டார்கள். ஆனால் அவர் குடும்பம் லீல் பக்கத்திலிருந்து நூறு வருஷம் முன்பே லண்டனுக்கு வந்துவிட்டது. 1685-இல் வந்தவர்களை லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டுத் தறிகளில் தேடுங்கள்.

பழஞ்சுவடி | மார்ச் 5, காலை 11.10

கணக்கர் "வாசல் திறந்தது அவ்வளவுதான்" என்றாரே, அந்த வாசலை எப்படித் திறந்தார்கள் என்பதுதான் இந்த இழைக்கே முக்கியம் என்று நினைக்கிறேன். பிராண்டன்பர்க் ஆட்சியாளர் ஃபிரெடெரிக் வில்லியம் 1685 அக்டோபர் 29-இல் (புதிய நாட்காட்டிப்படி நவம்பர் 8) போட்ஸ்டாம் ஆணையை வெளியிட்டார். 14 பிரிவுகள். சகிப்புத்தன்மை பற்றிய சொற்பொழிவு அதில் குறைவு. முழுக்க முழுக்க நடைமுறைதான்:

வழி: வடக்கே வருகிறவர்கள் ஆம்ஸ்டர்டாம் போய் அங்கிருந்து ஹாம்பர்க்குக்குக் கப்பல், தெற்கே இருப்பவர்கள் மைன் நதிக்கரை ஃபிராங்ஃபர்ட் போய்ச் சேர வேண்டும். அந்தந்த ஊரில் அரசின் ஆள் இருப்பான், வழிச்செலவும் பாதுகாப்பும் அவன் பொறுப்பு.

சாமான்: கொண்டுவரும் தட்டுமுட்டுக்கும் சரக்குக்கும் சுங்கம் இல்லை.

வீடு: கைவிடப்பட்ட வீடு கிடைக்கும், பழுதுபார்க்க மரம், கல், சுண்ணாம்பும் கிடைக்கும். 6 வருஷம் வரி கிடையாது, நுகர்பொருள் தீர்வை மட்டும் கட்ட வேண்டும். பாழ்மனையில் புதிதாகக் கட்டினால் 10 வருஷம்.

தொழில்: கைவினைச் சங்கத்தில் கட்டணமில்லாமல் சேரலாம். ஆலை தொடங்கினால் பணமும் கருவியும் உதவி.

வழக்கு: தங்களுக்குள் தகராறு வந்தால் தங்கள் ஆட்களே தீர்க்கலாம். பின்னாளில் தனி பிரெஞ்சு நீதிமன்றங்களாகவே வளர்ந்து 1809 வரை இருந்தது.

வழிபாடு: ஊருக்கு ஒரு போதகர், சம்பளம் அரசு. வழிபாடு பிரெஞ்சில்.

வழிபாடு இந்தப் பட்டியலில் ஒரு வரி. ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் மற்றதற்கு ஆள் வந்திருக்க மாட்டான். மற்றது இல்லாமல் அந்த வரி மட்டும் இருந்திருந்தால் வந்தவன் ஆம்ஸ்டர்டாமிலேயே தங்கியிருப்பான்.

கோளாறும் உண்டு. உள்ளூர்க் கைவினைச் சங்கங்கள் கொதித்தன. நமக்கு வரி, வந்தவனுக்கு விலக்கா என்றார்கள். பல பட்டறைகள் மானியம் இருந்தவரை ஓடிப் படுத்துவிட்டன. பெர்லினில் பட்டும் மேல்தரத் தொப்பியும் வாங்க அப்போது ஆள் கம்மி.

கணக்கர் | மார்ச் 5, மதியம் 2.45

ஒரு சில்லறைச் சந்தேகம். அந்த ஆட்சியாளரே கால்வினிஸ்ட் (புராட்டஸ்டன்டில் ஒரு பிரிவு), வந்தவர்களும் கால்வினிஸ்ட். தன் ஆளைத் தானே சேர்த்துக்கொண்டதற்குப் பெயர் மத சுதந்திரமா?

பழஞ்சுவடி | மார்ச் 5, மாலை 5.15

பாதி சரி. அவர் குடிமக்கள் பெரும்பாலும் புராட்டஸ்டன்டில் இன்னொரு பிரிவான லூத்தரன்கள், எனவே அவருக்கே இது சங்கடமான விருந்தோம்பல். அதே ஆள் 1671-இல் வியன்னாவிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களில் 50 குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டார். எப்படி? 20 வருஷ அனுமதி, குடும்பத்துக்கு வருஷம் 8 தாலர் பாதுகாப்புப் பணம், ஜெப ஆலயம் கட்டக் கூடாது, வீட்டுக்குள் கும்பிட்டுக்கொள்ளலாம். ஹியூகனாட்டுக்கு அரசு பணம் கொடுத்தது, யூதரிடம் வாங்கியது. ஒரே கையெழுத்து, இரண்டு விலை. ஆக, இதைத் தாராள மனசு என்று பாராட்டுப் பத்திரம் வாசிக்க வேண்டாம். ஆள் தேவைப்பட்டது.

கொழும்பான் | மார்ச் 5, இரவு 11.50

ஐரோப்பாக் கதை போதும் அண்ணைமார். எங்கட பக்கம் நடந்ததைப் பாருங்கோ.

இலங்கையில் ஹலால் சான்றிதழை அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா எண்ட முஸ்லிம் மார்க்க அறிஞர் சபை குடுத்துக்கொண்டிருந்தது. 2013 பெப்ரவரியில் பொது பல சேனா எண்ட சிங்கள பௌத்த அமைப்பு மகரகமவில் கூட்டம் போட்டு ஹலால் இலச்சினையை எடுக்கச் சொன்னது. மார்ச் மாசம் வர்த்தகச் சம்மேளனம் இடையில நிண்டு ஒரு உடன்பாடு: உள்ளூரில் இலச்சினை இல்லை, ஏற்றுமதிக்கு மட்டும். 2014 ஜனவரியில் சான்றிதழ் வேலை ஒரு தனிக் கம்பனிக்குப் போனது.

சான்றிதழ் எடுத்தவையில் கனபேர் முஸ்லிம் அல்லாத முதலாளிமார். அவைக்கு இது மார்க்கப் பிரச்சினை இல்லை, மத்திய கிழக்குக்கும் மலேசியாவுக்கும் சாமான் அனுப்புற கடதாசி. பிஸ்கட் கம்பனி ஒண்டை எடுங்கோ. ஒவ்வொரு மூலப்பொருளும் எங்கயிருந்து வருகுது எண்டு காட்டவேணும். ஈ471 எண்ட பால்மமாக்கி தாவரக் கொழுப்பிலும் செய்யலாம், மிருகக் கொழுப்பிலும் செய்யலாம், அதால வழங்குநரிடம் எழுத்தில் வாங்கவேணும். ஜெலட்டின், அற்ககோலில் கரைச்ச வாசனைச்சாறு எல்லாத்துக்கும் இதே கதை. உள்ளூர்ப் பெட்டியில் இலச்சினையை எடுத்தாலும் இந்தச் சோதனையில் ஒண்டும் குறையாது, ஏற்றுமதி கேக்கும். கூடினது என்ன? ஒரே பிஸ்கட்டுக்கு ரெண்டு விதமான உறை, ரெண்டு அச்சு, களஞ்சியத்தில் ரெண்டு கணக்கு. வாங்கிற முஸ்லிம் ஆளுக்கு அறிவிப்பு இல்லாமப் போச்சு, வாங்காத ஆளுக்கு ஒரு சதமும் மிச்சமில்லை.

கேள்விக்குறி | மார்ச் 6, காலை 6.50

இது சூப்பர் உதாரணம். அரசு தடை போடவில்லை, கூட்டம் போட்டு மிரட்டினார்கள். கணக்கர் சார் சொன்ன 13 கேள்விப் பட்டியலில் வரும், 20-இல் வராது. சரியா?

கணக்கர் | மார்ச் 6, காலை 8.15

பெரும்பாலும் சரி. மிரட்டலைப் பார்த்து அரசு கையைக் கட்டிக்கொண்டு நின்றால் 20-இலும் ஏறும்.

நீங்கள் முதலில் கேட்ட சீனாவுக்கும் இங்கே பதில் உண்டு. ஜெஜியாங் மாகாணத்தின் வென்ஜோ நகரத்தைத் தனியார் தொழிலின் ஊற்று என்பார்கள். "சீனாவின் ஜெருசலேம்" என்பதும் அதே ஊர்தான். முதலாளிகளில் கிறிஸ்தவர்கள் நிறைய. அவர்களே பணம் போட்டுப் பெரிய தேவாலயங்கள் கட்டினார்கள். 2014 ஏப்ரலில் அங்கே சான்ஜியாங் தேவாலயம் இடிக்கப்பட்டது, அடுத்த இரண்டு வருஷத்துக்குள் மாகாணம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலுவைகள் இறக்கப்பட்டன. அதனால் வென்ஜோவின் தொழில் படுத்ததா என்றால், இல்லை. அவர்கள் முதலீட்டைச் சுருட்டிக்கொண்டு கிளம்பவும் இல்லை. கட்டுப்பாடு உடனே வியாபாரத்தைக் கொன்றுவிடும் என்பவர்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஷிஃப்ட் பாஸ் | மார்ச் 6, இரவு 10.05

நாடு, அரசன், ஆணை எல்லாம் பேசியாச்சு. ஆலைக்குள் வாருங்கள். காசு போவதும் வருவதும் அங்கே தெரியும்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலம், ஃபோர்ட் மோர்கன் என்ற ஊரில் கார்கில் கம்பெனியின் மாட்டிறைச்சி ஆலை. சோமாலிய முஸ்லிம் தொழிலாளர்கள் நிறைய. 2015 டிசம்பரில் தொழுகை இடைவேளை பற்றித் தகராறு, வெளிநடப்பு, மூன்று நாள் வராததால் சுமார் 150 பேர் வேலைநீக்கம். 2018-இல் 138 பேருக்கு 15 லட்சம் டாலர் என்று சமரசம். தப்பு செய்ததாகக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. தொழிற்சங்கமும் தனியாகக் காசு கட்டியது. இடையில் நீக்கப்பட்டவர்கள் மறுபடி விண்ணப்பிக்க 180 நாள் காத்திருக்க வேண்டும் என்ற விதியைக் கம்பெனியே 30 நாளாகக் குறைத்தது. கத்தி பிடிக்கப் பழகிய ஆள் ஒரே நாளில் கிடைக்க மாட்டான்.

சிக்கல் எங்கே வருகிறது என்று பிரித்துப் பார்ப்போம். மதியத் தொழுகைக்கு நேரம் தாராளம், சாப்பாட்டு இடைவேளையில் அடங்கும். உயிரை வாங்குவது மஃரிப், அதாவது மாலைத் தொழுகை. சூரியன் மறைந்தது முதல் சுமார் 75 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் சூரியன் டிசம்பரில் மாலை நாலரை வாக்கில் மறையும், ஜூனில் இரவு எட்டரை வாக்கில். ஆலையின் இடைவேளையோ வருஷம் முழுக்க ஒரே நேரம்.

தொழுகை 5 நிமிடம்தான் என்று சொல்லி அனுமதி வாங்குவார்கள். சங்கிலிக் கையுறை, ஏப்ரன், தலைக்கவசம் கழற்றி, கைகால் கழுவி, தொழுது, மறுபடி மாட்டி, கிருமிநீக்கம் செய்து லைனுக்கு வர 15 நிமிடம். மேற்பார்வையாளர் 5 என்று எழுதி, ஆள் 15-இல் வந்தால் அன்றைக்கே முட்டல்.

லைன் நிற்கக் கூடாது, எனவே மாற்றாள் வேண்டும். மூன்று மாற்றாள் இருந்தால் ஒரு தடவைக்கு மூன்று பேர், 75-ஐ 15-ஆல் வகுத்தால் 5 தடவை, ஆக 15 பேர். உங்கள் லைனில் 30 பேர் தொழுகிறார்கள் என்றால் 6 மாற்றாள், அல்லது பாதிப் பேரை வேறு லைனுக்கு மாற்றுங்கள். மாற்றாள் கசாப்பு மேசையில் குறைந்தது இரண்டு இடத்தில் வேலை தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

இடம்: விரிப்பு ஒன்றுக்கு 70 x 110 சென்டிமீட்டர். ஆறு பேருக்கு ஒரு சின்ன அறை போதும், லைனுக்குப் பக்கத்தில் இருந்தால். பத்து நிமிடம் நடந்து போகிற அழகான அறை வேஸ்ட். கால் கழுவத் தாழ்வான குழாய் வையுங்கள். இல்லாவிட்டால் கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைப்பார்கள், தரை ஈரமாகும், யாராவது வழுக்குவார்கள், பழி தொழுகை மேல் விழும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு: இன்று சரி என்று சொல்லி நாளை முடியாது என்பது. மேற்பார்வையாளரின் இஷ்டத்துக்கு விட்டால் "இனிமேல் தொழவே விடமாட்டார்களாம்" என்று ஒரு வதந்தி போதும், ஷிஃப்ட் காலி.

கேள்விக்குறி | மார்ச் 7, காலை 7.30

மற்ற தொழிலாளி "எனக்கு மட்டும் ஏன் கூடுதல் இடைவேளை இல்லை" என்று கேட்க மாட்டானா அண்ணே? சட்டம் என்ன சொல்கிறது?

ஷிஃப்ட் பாஸ் | மார்ச் 7, காலை 9.00

கேட்பான், நியாயமும் இருக்கிறது. அந்த 15 நிமிடத்துக்குச் சம்பளம் இல்லை என்றோ, வேறு இடைவேளையிலிருந்து கழிக்கப்படும் என்றோ எழுதி ஒட்டிவிட்டால் முணுமுணுப்பு பாதியாகும்.

சட்டம்: அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் தலைப்பு. 1977-இல் ஹார்டிசன் வழக்கில் தொழிலாளியின் மத வழக்கத்துக்கு இடம்கொடுக்க அற்பச் செலவுக்கு மேல் போனாலே முதலாளி மறுக்கலாம் என்பது போலத் தீர்ப்பு வந்து, 46 வருஷம் அப்படித்தான் ஓடியது. 2023 ஜூன் 29-இல் கிராஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மாற்றிவிட்டது. அந்தத் தொழிலின் அளவோடு பார்த்தால் கணிசமான கூடுதல் செலவு என்று முதலாளி காட்ட வேண்டும். சக ஊழியருக்கு அந்த மதம் பிடிக்கவில்லை என்பது செலவுக் கணக்கில் சேராது. அவர் வேலை உண்மையிலேயே கூடி, அதனால் தொழில் பாதித்தால் சேரும். ஆக, இப்போது மறுப்பவன் கையில் நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும்: எத்தனை மாற்றாள், எத்தனை நிமிடம், எவ்வளவு உற்பத்தி குறைந்தது.

பழஞ்சுவடி | மார்ச் 7, மதியம் 12.40

நோட்டுப் புத்தகம் என்றதும் நம்மூர் ஞாபகம் வந்துவிட்டது. நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் பெயரால் எழுந்த சூடாமணிவர்ம விகாரத்துக்கு, சைவனான முதலாம் ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். லெய்டன் பெரிய செப்பேட்டில் வருமானம் 8,943 கலம் நெல், அதற்குக் கீழே தூணி, குறுணி, நாழி என்ற சின்ன அளவைகள் வரை இருக்கிறது. 1090-இல் குலோத்துங்கன் கடாரத்துத் தூதர்கள் கேட்டபடி விகாரத்து ஊர்களுக்கு வரிவிலக்குகளை உறுதி செய்தான். போட்ஸ்டாமுக்கு ஆறு நூற்றாண்டு முன்னால் அதே வேலை. எழுதினது செம்பில்.

கணக்கர் | மார்ச் 7, மதியம் 1.05

இடையில் முதலாம் ராஜேந்திரன் அதே கடாரத்தின் மேல் 1025 வாக்கில் படையெடுத்ததையும் சொல்லிவிடுங்கள் ஐயா. இல்லாவிட்டால் அடுத்த கருத்தரங்கில் இதுவும் ஸ்லைடாகிவிடும்.

பழஞ்சுவடி | மார்ச் 7, மதியம் 1.20

அதையும் சொன்னதாகவே வைத்துக்கொள்ளும்.

கொழும்பான் | மார்ச் 7, இரவு 9.30

ஷிஃப்ட் பாஸ் அண்ணை, ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் மூண்டு மூண்டு பேராய் விடலாமோ? ஜூன் மாசம் என்ன செய்யிறது?

ஷிஃப்ட் பாஸ் | மார்ச் 8, காலை 6.40

ஜும்ஆவைப் பிரிக்க முடியாது, அது கூட்டுத் தொழுகை. பகல் ஷிஃப்டில் அந்த ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையை ஒரு மணி நேரமாக்கி, முடியும் நேரத்தை அரை மணி தள்ளுங்கள். போக முடியாதவர்களை வெள்ளி மட்டும் இரண்டாம் ஷிஃப்டுக்கு மாற்றலாம், யாராவது பதிலுக்கு மாறச் சம்மதித்தால்.

ஜூனில் பகல் ஷிஃப்டுக்கு மஃரிப் பிரச்சினையே இல்லை, வீட்டுக்குப் போயிருப்பார்கள். இரண்டாம் ஷிஃப்டின் சாப்பாட்டு இடைவேளையை எட்டரைக்குத் தள்ளினால் பாதிப் பேர் அதிலேயே முடித்துக்கொள்வார்கள், மாற்றாள் தேவை பாதியாகும். அட்டவணையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றி ஒட்டுங்கள். மார்ச்சிலும் நவம்பரிலும் அமெரிக்காவில் கடிகாரம் ஒரு மணி நேரம் நகரும், சூரியன் நகராது. அந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளியே புது அட்டவணை சுவரில் இருக்க வேண்டும், மேற்பார்வையாளர் கையெழுத்தோடு.